லண்டனில் ஜெயித்த ரயில் வரைபடம் நியூயார்க்கில் ஏன் தோற்றது?

கோட்டுக்காரன்:

வணக்கம் நண்பர்களே. ஒரே யோசனையை ஓர் ஊர் கொண்டாடியது, இன்னோர் ஊர் ஏழே வருடத்தில் கழற்றி வைத்துவிட்டது. ஏன் என்று உங்களோடு பேசிப் பார்க்க ஆசை.

லண்டன் பாதாள ரயில் வரைபடம் பலருக்கும் தெரிந்திருக்கும். 1920களில் வந்த படங்களில் பாதைகள் தரையில் எப்படி வளைந்து போகின்றனவோ அப்படியே வரையப்பட்டிருந்தன. நகரின் நடுவே நிலையங்கள் நெருக்கியடித்து நின்றன, பெயர் எழுதவே இடம் போதவில்லை. புறநகர்ப் பாதைகளோ தாளுக்குள் அடங்கவில்லை. சிக்னல் அலுவலகத்தில் வரைவாளராக இருந்த ஹாரி பெக், யாரும் கேட்காமலேயே 1931இல் வேறொரு படம் வரைந்தார். எல்லாப் பாதைகளையும் படுக்கை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு என்பவற்றுக்குள் அடக்கினார். நடுப்பகுதியை விரித்தார், புறநகரைச் சுருக்கினார். நிலையங்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரே இடைவெளி. தரைமேல் இருப்பவற்றில் தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார். விளம்பரப் பிரிவு முதலில் இதை ஏற்கவில்லை. 1933 ஜனவரியில் சட்டைப்பை அளவு மடிப்புத் தாளாக வெளியிட்டபோது மக்கள் கேட்டுக் கேட்டு வாங்கிப் போனார்கள். இன்றைய படமும் அதே சட்டகத்தில்தான் நிற்கிறது.

எனக்குப் பிடித்தது அந்தத் துணிச்சல். பூமிக்கு அடியில் போகிறவருக்கு ரயில் எந்தத் தெருவுக்குக் கீழே திரும்புகிறது என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, இன்னும் எத்தனை நிலையம், இவ்வளவுதான் கேள்வி. அதற்கு உதவாத அனைத்தையும் பெக் நீக்கிவிட்டார்.

இதே இலக்கணத்தில் வடிவமைப்பாளர் மாசிமோ விக்னெல்லியின் குழு 1972இல் நியூயார்க்குக்கு ஒரு படம் செய்தது. பார்க்க அவ்வளவு அழகு. வடிவமைப்பாளர்கள் கொண்டாடினார்கள், நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் சேர்ந்தது. ஊர்க்காரர்களில் பலருக்கு அது பிடிக்கவேயில்லை. 1979இல் அதை எடுத்துவிட்டு, கடற்கரையும் பூங்காவும் தெருவும் தெரிகிற வேறொரு படத்தை மாட்டினார்கள். பெக்கிடம் சரியாக இருந்தது விக்னெல்லியிடம் எங்கே பிசகியது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பிளாட்பாரம் 4:

நல்ல கேள்வி. படத்தைவிட ஊரைப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

லண்டன் தெருக்கள் ஒழுங்கில்லாமல் வளைந்து வளைந்து போகும். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் முழு நகரத்தின் வடிவம் மனதில் நேராக நிற்காது. அதனால் பெக் திரித்ததை யாரும் திரிப்பாக உணரவில்லை. சொல்லப்போனால் அவருடைய படமே பலர் மனதில் லண்டனின் வடிவமாகிவிட்டது.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் அப்படியில்லை. தெருக்களுக்கு எண், அவற்றைக் குறுக்கே வெட்டும் அவென்யூக்களுக்கும் எண். 50ஆவது தெருவும் எட்டாவது அவென்யூவும் சந்திக்கும் இடம் என்றால் ஒரு குழந்தைகூட விரல் வைத்துக் காட்டும். அப்படிப்பட்ட ஊரில், 50ஆவது தெருவில் பிராட்வே பாதையின் நிலையம் எட்டாவது அவென்யூ நிலையத்துக்கு மேற்கே இருப்பதாக விக்னெல்லி படம் காட்டியது. நிஜத்தில் அது கிழக்கே இருக்கிறது. படத்தை நம்பி வெளியே வந்தவர் எதிர்த்திசையில் நடப்பார். சென்ட்ரல் பூங்கா நிஜத்தில் சுமார் 4 கிலோமீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம் கொண்ட நீண்ட செவ்வகம். படத்தில் அது கிட்டத்தட்டச் சதுரம், அதுவும் சாம்பல் நிறத்தில். தண்ணீரோ வெளிறிய பழுப்பு. பூங்கா என்றால் பச்சை, தண்ணீர் என்றால் நீலம் என்று கண் எதிர்பார்க்கிறது. அதை மறுக்க வேண்டுமானால் அதற்குத் தகுந்த லாபம் இருக்க வேண்டும். இங்கே பயணிக்கு ஒரு லாபமும் இல்லை.

ஆக, வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு வரைபடம் மோதினால் வாசகர் படத்தைத்தான் சந்தேகிப்பார். ஒன்றில் சந்தேகம் வந்துவிட்டால் மற்றதையும் நம்ப மாட்டார்.

வண்ணமதி:

விக்னெல்லிக்காக நான் வாதாடுகிறேன். :)

அந்தப் படத்தின் அடிப்படை விதி, ஒவ்வொரு ரயில் சேவைக்கும் தனிக்கோடு, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு புள்ளி. கோட்டின் மேல் புள்ளி இருந்தால் அந்த ரயில் அங்கே நிற்கும், இல்லையென்றால் நிற்காது. நியூயார்க்கில் ஒரே தண்டவாளத் தடத்தில் நின்று நின்று போகும் ரயிலும் விரைவு ரயிலும் கலந்து ஓடும். அந்தச் சிக்கலை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா? 1979 படம் ஒரே தடத்தில் ஓடும் சேவைகளை எல்லாம் ஒற்றைக் கோடாக்கிவிட்டு, எந்தெந்த ரயில் நிற்கும் என்பதை நிலையப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதிவைத்தது. பூங்கா சரியான வடிவத்தில் இருக்கும், ஆனால் நாம் ஏறிய ரயில் நாம் இறங்க வேண்டிய இடத்தில் நிற்குமா என்பதைத் தேடித்தேடிப் படிக்க வேண்டும்.

இன்னொன்று, அந்தப் படம் தனியாக நிற்பதற்காகச் செய்யப்படவில்லை என்று விக்னெல்லி பின்னாளில் சொல்லியிருக்கிறார். நிலையத்தில் அக்கம்பக்கத்தைக் காட்டும் நிலவரைபடமும் கூடவே இருக்கும் என்பது திட்டம். வந்தது இது ஒன்றுதான். நான்கு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டினால் என்ன ஆகும்?

2025 ஏப்ரலில் நியூயார்க் போக்குவரத்து நிர்வாகம் புதிய படம் வெளியிட்டதே, பார்த்தீர்களா? மறுபடியும் நேர்கோடுகள், மறுபடியும் ஒவ்வொரு சேவைக்கும் தனிக்கோடு. ஆனால் இந்த முறை தண்ணீர் நீலம், பூங்கா பச்சை. அந்தப் பழைய எலும்பு நல்ல எலும்புதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கோட்டுக்காரன்:

வண்ணமதி, நிற்கும் ரயில் பற்றிச் சொன்னது மிக முக்கியம், நன்றி. ஆனால் பிளாட்பாரம் சொன்னதையும் விட முடியவில்லை. லண்டன் படத்திலும் ஓட்டை உண்டு. குவீன்ஸ்வே, பேஸ்வாட்டர் என்று இரண்டு நிலையங்கள் ஒரே தெருவில் ஒன்றுக்கொன்று சில நிமிட நடையில் இருக்கின்றன. படத்தில் அவை வெவ்வேறு பாதைகளில், சம்பந்தமே இல்லாத மாதிரி. லெஸ்டர் சதுக்கத்திலிருந்து கோவென்ட் கார்டன் 300 மீட்டர்கூட இல்லை, ஆனால் படத்தில் அது மற்ற எந்த இடைவெளியையும் போலத்தான். தெரியாதவர் படி இறங்கி, டிக்கெட் எடுத்து, ரயிலுக்குக் காத்திருந்து, திரும்பவும் மேலே ஏறி வருவார். 2015இல் நிர்வாகமே நிலையங்களுக்கு இடையே நடக்க எத்தனை நிமிடம் என்று குறித்த தனிப்படம் வெளியிட்டது. பெக் எதை நீக்கினாரோ அதைத் திருப்பிக் கேட்டவர்கள் நடப்பவர்கள்.

தேம்ஸ் கதையும் அப்படித்தான். 2009இல் படத்தை எளிமையாக்குகிறோம் என்று நதியை எடுத்துவிட்டார்கள். ஊரே கொதித்தது, மேயரும் தலையிட்டார், அந்த வருடக் கடைசிக்குள் நதி திரும்பி வந்தது. ரயிலில் போக நதி தேவையில்லைதான். ஆனால் வடகரையா தென்கரையா என்பதில்தான் லண்டன்வாசியின் திசையறிவே தொடங்குகிறது. அந்த ஒரு நீலக்கோடு மற்ற எல்லாக் கோடுகளையும் தரையோடு கட்டிவைத்திருக்கிறது.

குறிஞ்சிநடை:

ரயில் படங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நடப்பவர்கள் சார்பில் ஒன்று சொல்கிறேன்.

நான் பார்த்ததில் மிகக் குறைவாகப் பாராட்டப்பட்ட அழகான வரைபடம் நம்முடைய சர்வே ஆஃப் இந்தியா டோபோஷீட், அதாவது நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் தாள். 1:50,000 அளவையில், அதாவது தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் பழுப்பு நிறத்தில், 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. ஐந்தில் ஒன்று தடித்த கோடு, அதில் உயரம் எழுதியிருக்கும். பள்ளியில் இதைப் பரீட்சைக்காகப் படித்துவிட்டு மறந்துபோகிறோம். மலையில் நிற்கும்போதுதான் அதன் அருமை புரியும்.

நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள், நம்மில் பலர் போயிருப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பாதை ஏறக்குறைய சமதரையில் போகிறது. டோபோஷீட்டில் அந்தப் பகுதியில் ரயில் கோட்டைப் பழுப்புக் கோடுகள் வெட்டுவது அபூர்வம். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்குகிறது, 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றம். குன்னூர் வரை சுமார் 1,300 மீட்டர் ஏற வேண்டும், அதாவது 60க்கும் மேற்பட்ட சம உயரக் கோடுகளைக் கடக்க வேண்டும். படத்தைத் திறந்து பாருங்கள், கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, தாளே பழுப்பாகத் தெரியும். பல்சக்கரம் எங்கே தேவை என்று யாரும் சொல்லாமலேயே நீங்கள் விரல் வைத்துவிடலாம். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் ஒரு மலையைத் தாளில் படுக்க வைத்து, அதைப் படிப்பவர் மனதில் மீண்டும் எழுந்து நிற்க வைக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய வடிவமைப்புச் சாதனை தெரியவில்லை.

அப்புறம் ஓடைகள். தண்ணீர் ஓடும் ஆறு நீலம், வறண்டு கிடக்கும் ஓடை கறுப்பு. நம் ஊர் வெயிலில் இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரிய தகவல் என்று யோசித்துப் பாருங்கள். எங்கே குடிநீர் நிரப்பலாம் என்பதற்கான முதல் துப்பு அது. கைபேசி வரைபடங்கள் பெரும்பாலும் எல்லா ஓடையையும் ஒரே நீலத்தில்தான் காட்டுகின்றன.

குறையும் சொல்கிறேன். 20 மீட்டர் இடைவெளியில் 15 மீட்டர் பாறைச் சுவர் ஒன்று முழுசாக ஒளிந்துகொள்ளலாம். மலையேறுபவர்கள் இதை நினைவில் வைத்தே ஆக வேண்டும்.

புதியவன்:

குறிஞ்சிநடை அண்ணா, சுவிட்சர்லாந்துப் படங்களில் மலை புடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நிழல் போட்டிருக்கிறார்களே, அது எப்படி? நம் டோபோஷீட்டில் அப்படி இல்லையே?

குறிஞ்சிநடை:

தம்பி, அதற்கு எடுவார்ட் இம்ஹோஃப் என்ற பெயரைத் தெரிந்துகொள். சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1925இல் வரைபடவியல் நிறுவனத்தைத் தொடங்கியவர், கை நிறைய ஓவியத் திறமை உள்ளவர். மலையின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். வெளிச்சம் எப்போதும் படத்தின் இடது மேல் மூலையிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து வரும். வேடிக்கை என்னவென்றால் சுவிட்சர்லாந்தில் சூரியன் ஒருநாளும் மதியத்தில் வடமேற்கில் நிற்காது, தெற்கில்தான் நிற்கும். நிஜமான திசையில் வெளிச்சம் போட்டால் நம் கண் மலையைப் பள்ளமாகவும் பள்ளத்தை மலையாகவும் பார்க்கிறது. வேண்டுமானால் தெற்கிலிருந்து வெயில் விழும் ஒரு செயற்கைக்கோள் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார், புரிந்துவிடும்.

அவர்களுடைய இன்னொரு நுட்பம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சம உயரக் கோடு மண்ணில் பழுப்பு, பாறையில் கறுப்பு, பனியாற்றின் மேல் நீலம். கோடு அதே கோடுதான். கால் எதில் படப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

ஊசிமருந்து:

பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். மருத்துவர் ஜான் ஸ்னோவின் காலரா வரைபடம் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஸ்னோ ஒவ்வொரு மரணத்தையும் அந்த வீட்டு வாசலில் ஒரு சிறு கறுப்புக் கட்டையாக வரைந்தார். ஒரே வீட்டில் பலர் என்றால் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். பிராட் தெருவின் கைப்பம்பைச் சுற்றி அவை குவிந்து நிற்பதைப் பார்த்தால் மனம் கனக்கும்.

இந்தப் படத்தைப் பார்த்துத்தான் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. கைப்பிடி செப்டம்பர் 8இல் கழற்றப்பட்டது, படம் அதற்குப் பிறகு வரையப்பட்டது. கழற்றுவதற்கு முன்பே நோயின் வேகமும் குறையத் தொடங்கியிருந்தது. அப்படியானால் படத்தின் மதிப்பு என்ன? பம்பின் பக்கத்தில் கட்டைகள் நிறைய இருப்பதை மட்டும் வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. நிறையப் பேர் வாழும் இடத்தில் நிறையச் சாவு இருக்கத்தான் செய்யும், கெட்ட காற்றுதான் காரணம் என்று அன்று நம்பியவர்களும் அதே குவியலைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். சாட்சி சொல்வது வெற்றிடங்கள். பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர், இறந்தது 5 பேர் மட்டுமே. அவர்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவின் பீர் ஆலைத் தொழிலாளர்கள் பம்பின் தண்ணீரைக் குடிக்கவில்லை, அவர்கள் தப்பினார்கள். காற்று எல்லோருக்கும் பொதுதானே?

பின்னர் வந்த திருத்திய படத்தில் ஸ்னோ ஒரு கோட்டைச் சேர்த்தார். பிராட் தெரு பம்புக்கும் மற்ற பம்புகளுக்கும் நடந்து போகும் தூரம் சமமாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு. பறவை பறக்கும் தூரம் இல்லை, தெரு வழியாக வாளியோடு நடக்கும் தூரம். அந்தக் கோட்டுக்குள்தான் பெரும்பாலான மரணங்கள். மேலே கோவென்ட் கார்டன் பற்றிப் பேசினீர்களே, அதே நகரத்தில் நடை தூரத்தை அவ்வளவு காலம் முன்பே ஒருவர் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

பிளாட்பாரம் 4:

வெற்றிடம் பற்றிச் சொன்னது அருமை. தேர்தல் முடிவுப் படங்களில் இதற்கு நேர்மாறான கொடுமை நடக்கிறது. தொகுதிகளுக்குக் கட்சி வண்ணம் பூசுகிறார்கள். பரப்பளவில் லடாக் தான் நாட்டின் மிகப்பெரிய மக்களவைத் தொகுதி, வாக்காளர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. தென்சென்னையில் 2024 தேர்தலின்போது 20 லட்சம் அளவுக்கு வாக்காளர்கள், படத்தில் ஒரு பொட்டுகூடத் தெரியாது. இரண்டுக்கும் ஒரு எம்.பி.தான். தொகுதிக்கு ஓர் அறுகோணம் என்று சம அளவில் அடுக்கினால் நாட்டின் உருவம் கொஞ்சம் கோணலாகும், ஆனால் எண்ணிக்கை கண்ணுக்கு நேராகத் தெரியும். பெக் செய்த அதே பேரம்தான்.

எழுத்தாணி:

தமிழில் வரைபடம் செய்பவன் என்ற முறையில் ஒரு பக்கத்தைச் சேர்க்கிறேன். இங்கே யாரும் தொடவில்லை, ஆனால் வரைபட வேலையில் பாதி நேரம் இதிலேயே போகும். பெயர் எழுதுவது.

ரோமன் எழுத்தில் மாநிலத் தலைநகருக்குப் பெரிய எழுத்து, சிற்றூருக்குச் சிறிய எழுத்து, நதிக்குச் சாய்வெழுத்து என்று மூன்று கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. சாய்வெழுத்தும் நம் கண்ணுக்குப் பழக்கமில்லை. மீதமிருப்பது தடிமன், அளவு, நிறம். மலைத்தொடர் பெயரை அதன் நீளத்துக்கு எழுத்து எழுத்தாகப் பரப்பி எழுதுவது உலக வழக்கம். தமிழில் ‘கொல்லிமலை’யை அப்படிப் பரப்பினால் ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து போய்விடும், மென்பொருள் பல நேரம் அப்படித்தான் செய்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் அதன் துணைக்குறிகளோடு ஒன்றாகப் பிடித்து நகர்த்த வேண்டும். பொடி எழுத்தில் ‘தி’யும் ‘தீ’யும் ஒன்றுபோலவே தெரியும். மேலே சுழியும் கீழே வளைவும் வருவதால் வரிக்கு உயரமும் அதிகம் தேவை.

நீளத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சென்னை மெட்ரோவில் நீலப் பாதையும் பச்சைப் பாதையும் சந்திக்கும் நிலையங்களில் ஒன்றின் முழுப்பெயரை யோசித்துப் பாருங்கள், ‘புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல்’. படத்திலேயே மிக முக்கியமான, மிக நெருக்கடியான இடம் அது. அங்கேதான் இவ்வளவு நீளமான பெயர். கோட்டை முதலில் போட்டுவிட்டு மிச்ச இடத்தில் பெயரைத் திணிப்பது தமிழுக்குச் சரிவராது. பெயருக்கு இடம் ஒதுக்கிவிட்டுப் பிறகு கோட்டை வளைக்க வேண்டும்.

இம்ஹோஃப் பெயர் அடிபட்டதால் இன்னொன்று. பெயர்களை எங்கே வைப்பது என்று அவர் வகுத்த விதிகளில் ஒன்று, கடற்கரை ஊரின் பெயரை முழுக்கக் கடலுக்குள் எழுது என்பது. தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் மூன்றையும் கடல்மேல் எழுதி, திருவாரூரை நிலத்தில் எழுதினால், எவை கடற்கரை ஊர்கள், எது உள்நாட்டு ஊர் என்று பார்த்தவுடன் தெரியும். பாதி நிலத்திலும் பாதி கடலிலுமாகக் கரைக்கோட்டை வெட்டிக்கொண்டு கிடக்கும் பெயர் எதையும் சொல்லாது, படிக்கவும் முடியாது. கடைகளில் விற்கும் தமிழ்நாட்டுச் சுவர் வரைபடங்களை இந்த ஒரு விஷயத்துக்காகப் பாருங்கள். பிள்ளைகள் பார்த்து வளரும் படங்கள் அவை, இதைவிட நல்லது அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

வண்ணமதி:

எழுத்தாணி சார், பெயருக்கு இடம் ஒதுக்கிவிட்டுக் கோட்டை வளைப்பது என்றீர்களே, எனக்கு இந்த இழையிலேயே பெரிய பாடம் அதுதான். நியூயார்க்கில் பல நிலையங்களுக்கு எண்தான் பெயர், அதனால் அங்கே அந்தப் பிரச்சினை குறைவு. சென்னை மெட்ரோ அடுத்த கட்டப் பாதைகளும் திறந்த பிறகு அந்தப் படம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். நான்கைந்து பாதைகள், இரண்டு மொழிகளில் பெயர்கள். கடலும் கூவமும் அடையாறும் மட்டும் இருந்தால் போதும், சென்னைக்காரர் திசை பிடித்துவிடுவார்.

எழுத்தாணி:

கடல் கட்டாயம். கூவம், அடையாறு இரண்டும் சேர்ந்தால் நகரம் மூன்று துண்டாகப் பிரிந்து தெளிவாகத் தெரியும். பக்கிங்ஹாம் கால்வாயை விட்டுவிடுவேன், பறக்கும் ரயில் பாதையோடு ஒட்டிக்கொண்டே வந்து குழப்பும்.

புதியவன்:

டோபோஷீட் எங்கே கிடைக்கும்? பொதுமக்கள் வாங்கலாமா?

குறிஞ்சிநடை:

வாங்கலாம் தம்பி. 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு இரண்டு வரிசைகள் இருக்கின்றன. பாதுகாப்பு வரிசை ராணுவத்துக்கு, ஓப்பன் சீரிஸ் எல்லோருக்கும். சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் பதிவு செய்தால் ஓப்பன் சீரிஸ் தாள்களை பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம். முதலில் தெரியாத மலையை எடுக்காதே. உனக்கு நன்றாகப் பழகிய குன்று இருக்கும் தாளை எடுத்து, குறிவிளக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடைகள் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்று மட்டும் பார். சம உயரக் கோடு V போல மடங்கி அதன் முனை மேட்டைப் பார்த்தால் அது பள்ளத்தாக்கு, முனை இறக்கத்தைப் பார்த்தால் மலைமுகடு. இது பிடிபட்டதும் தாளோடு அந்தக் குன்றுக்கே போய்ப் பார். எந்த ஊர் என்று சொன்னால் தாள் எண்ணைத் தேடித் தருகிறேன்.